அப்பத்தா 70 தாண்டியும் போயில போடுறாங்க, கன்னத்துக்குள்ள வெள்ளையா தடிச்சிருக்கு, இனிமே நிறுத்தி பிரயோஜனம் இருக்கா?

சிவகங்கைப் பேத்தி:

எல்லாருக்கும் வணக்கம். எங்க அப்பத்தாவுக்கு 72 வயசு ஆகுது. கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்ததுலேர்ந்து வெத்தல போடுறாங்க. முதல்ல வெறும் வெத்தல பாக்கு சுண்ணாம்புதானாம், அப்புறம் நாத்து நடப் போற இடத்துல கூட வேலை பாத்தவங்க பசி தெரியாதுன்னு குடுத்து போயிலையும் சேந்துக்கிச்சு. இப்ப அது இல்லாம அவங்களுக்கு பொழுதே போகாது. காலைல எந்திரிச்சதும் வாய் கொப்புளிக்கிறதுக்கு முன்னாடி கை வெத்தலப் பொட்டிக்குத்தான் போகும். பல்லு பாதி போயிட்டதால சின்ன உரல்ல வெத்தலையையும் பாக்கையும் சுண்ணாம்போட சேத்து இடிச்சுக்குவாங்க, போயிலைய மட்டும் நரம்ப உரிச்சு கிள்ளி தனியா இடது கன்னத்துல அடக்கிக்குவாங்க. ராத்திரி படுக்கும்போதும் ஒரு துண்டு உள்ள இருக்கும், காலைலதான் படிக்கத்துல துப்புவாங்க.

கொஞ்ச நாளா கொழம்பு காரம்னு சொல்லி சாப்பாட்ட ஒதுக்க ஆரம்பிச்சாங்க, நாங்க காரத்த கொறச்சும் எரியுதுன்னே சொன்னாங்க. செல்போன் லைட்ட அடிச்சு வாய்க்குள்ள பாத்தேன், போயில வைக்கிற அதே இடத்துல கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவுல வெள்ளையா, சுருக்கம் விழுந்த மாதிரி தடிச்சுப் போய் இருக்கு. பஞ்ச வச்சு தொடச்சுப் பாத்தேன், போகல. வலி இல்லன்னு சொல்றாங்க. அந்த ஓரத்துல ஒரு இடம் மட்டும் செவப்பா இருக்கு, அது வெத்தலச் சாயமா வேற எதாவதான்னு எனக்குத் தெரியல.

அப்பாட்ட சொன்னா, இத்தன வருசமா போட்டவங்கள இந்த வயசுல நிறுத்தச் சொன்னா உள்ள ஒடம்பும் கெட்டுப்போகும், இருக்குற வரைக்கும் சந்தோசமா இருக்கட்டும்னு சொல்றாரு. பெரியப்பா, பாக்கெட்டுல வர்றதுதான் விசம், இது வேதாரண்யம் பக்கத்து நாட்டுப் போயில, ஒண்ணும் பண்ணாதுங்கிறாரு. அப்பத்தாவக் கேட்டா போயில போடாட்டி வெளிக்கே வராது, தல கிறுகிறுன்னு வருதுங்கிறாங்க. பிரஷருக்கு மாத்திரை வேற சாப்புடுறாங்க. நான் ஒருத்தி மட்டும் கத்திக்கிட்டு இருக்கேன். இந்த வயசுல நிறுத்தினா நெஜமாவே எதாவது ஆகுமா? அந்த வெள்ளத் தடிப்பு கேன்சரா? யாராவது வெவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க ப்ளீஸ்.

பல் டாக்டர் மதுரை:

தங்கச்சி, முதல்ல ஒண்ணு சொல்லிடறேன், இத படிச்சு முடிச்சதும் அப்பத்தாவ கூட்டிட்டுப் போற வேலையப் பாருங்க. அடுத்த மாசம், பொங்கல் முடிஞ்சு, அப்படின்னெல்லாம் தள்ள வேண்டாம். நீங்க சொல்றத வச்சுப் பாத்தா அது லூக்கோபிளேக்கியாவா இருக்க வாய்ப்பு அதிகம், அதாவது தொடச்சா போகாத வெள்ளத் தடிப்பு. அது கேன்சர் இல்ல. ஆனா கேன்சரா மாறக்கூடிய நெலம. எல்லாருக்கும் மாறாது, மாறுறவங்க யாருன்னு வெளிய இருந்து பாத்து சொல்ல முடியாது, அதனாலதான் டாக்டர் ஒருத்தர் வெளிச்சத்துல நேர்ல பாத்து கையால தடவிப் பாக்கணுங்கிறது. வெள்ளையோட சேந்து செவப்பு இருக்குன்னு எழுதிருக்கீங்க பாருங்க, அதுதான் என்ன அவசரப்பட வைக்குது. வெத்தலச் சாயம்னா நல்லா வாய் கொப்புளிச்சா மங்கிடும். கொப்புளிச்சும் செவப்பு அப்படியே இருந்துச்சுன்னா, வெறும் வெள்ளைய விட அத நாங்க ரொம்ப கவனமா எடுத்துக்குவோம்.

வலி இல்லன்னு நிம்மதியா இருக்காதீங்க. இந்த விஷயத்துல ஜனங்கள ஏமாத்துறதே அந்த வலியில்லாததுதான். சொத்தப் பல்லு ராத்திரியெல்லாம் தூங்க விடாது, அதனால மறுநாளே ஓடி வந்துடறாங்க. வாய்ப்புற்றுநோய் ஆரம்பத்துல வலிக்காது, வலிக்க ஆரம்பிக்கிறப்ப நெறைய பேருக்கு அது தாடை எலும்பு வரைக்கும் போயிருக்கும். ரெண்டு வாரத்துக்கு மேல ஆறாத புண்ணு, காரணமே இல்லாம ஆடுற பல்லு, முன்னாடி சரியா இருந்த பல்செட்டு திடீர்னு பொருந்தாமப் போறது, கழுத்துல கட்டி, ஒரு பக்கக் காதுவலி, நாக்கு மரத்துப் போறது, இதுல எது இருந்தாலும் காத்திருக்கக் கூடாது.

ஏன் அந்த இடத்துல மட்டும்னு யோசிச்சிருப்பீங்க. போயில அடக்குற இடத்துலயேதான் வரும். மேல்நாட்டுல வாய்ப்புற்றுநோய்னா நாக்கு ஓரத்துலயும் நாக்குக்கு அடியிலயும் அதிகம் பாக்குறாங்க, நம்ம பக்கம் கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவுல இருக்குற அந்தப் பள்ளத்துலதான் அதிகம், காரணம் மணிக்கணக்குல போயில அங்கதான் குடியிருக்கு. அதுவும் ராத்திரி பூரா. தூங்கும்போது எச்சி ஊறுறது கொறஞ்சிரும், முழிச்சிருக்கும்போது எச்சியாவது கொஞ்சம் கழுவி விடும், தூக்கத்துல அதுவும் கெடையாது.

சுண்ணாம்பு என்ன பண்ணுதுன்னும் தெரிஞ்சுக்கோங்க. அது காரத்தன்மை உள்ளது, புகையிலையோட சேரும்போது நிக்கோடின் வாய்ச்சவ்வு வழியா சட்டுனு ரத்தத்துல போற வடிவத்துக்கு மாறிடுது. அதான் சுண்ணாம்பு கொறஞ்சா “இன்னிக்கு சுருக்குனு இல்லையே”ன்னு சொல்லுவாங்க. அதே சுண்ணாம்பு சவ்வ அரிச்சு வச்சிடுது, அந்த அரிச்ச இடத்துல புகையிலைல உள்ள நைட்ரோசமைன்ங்கிற நச்சு சுலபமா எறங்கும். புற்றுநோய உண்டாக்குறதுல முக்கியமான பங்கு அந்த நைட்ரோசமைனுக்குத்தான். இலைய பதப்படுத்துறப்பவும் புளிக்க வைக்கிறப்பவும் அடுக்கி வச்சு நாள்பட விடுறப்பவும் அது தானா உருவாகுது, பாக்கெட் கம்பெனிக்காரன் வெளிய இருந்து கொண்டு வந்து கொட்டணும்னு அவசியமே இல்ல. பெரியப்பாட்ட இத சொல்லுங்க.

இன்னொண்ணு. போயிலைய விட்டுட்டு வெத்தல பாக்கு மட்டும் போட்டுக்கிறேன்னு அப்பத்தா பேரம் பேசுவாங்க, நெறைய பேர் அங்கதான் வந்து நிப்பாங்க. கொட்டப்பாக்கும் புற்றுநோய உண்டாக்கும்னு உலக சுகாதார நிறுவனத்தோட புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பான ஐஏஆர்சி 2004ல வெளியிட்ட அறிக்கைலயே முதல் வகைல, அதாவது மனுசனுக்கு உறுதியா புற்றுநோய உண்டாக்குற வகைல சேத்தாச்சு. வாய் தொறக்க முடியாம இறுகிப் போறது, காரம் பட்டா எரியறது இதெல்லாம் பாக்கோட வேலை. அவங்க மூணு வெரல நிமித்தி ஒண்ணுக்கு மேல ஒண்ணா வாய்க்குள்ள விட முடியுதான்னு பாருங்க, முடியலன்னா அதையும் டாக்டர்ட்ட சொல்லுங்க. வெறும் வெத்தல இலைய பத்தி எனக்கு பெரிய பயம் இல்ல, ஆனா பாக்கு இல்லாம வெத்தல போடுற ஆள நான் இதுவரைக்கும் பாத்ததில்ல.

வயக்காட்டான்:

டாக்டர் சார் படிச்சவங்க, மறுத்து பேசுறேன்னு நெனைக்காதீங்க. எங்க தாத்தா 92 வயசு வரைக்கும் போயில போட்டாரு, கம்பு ஊனாம நடந்தாரு, வாயில ஒரு கொப்புளம் வந்து பாத்ததில்ல. அந்தக் காலத்துல எல்லா வீட்டுலயும்தான் போட்டாங்க. விருந்துக்கு வந்தா வெத்தலத்தட்டு வைக்கிறது நம்ம மரியாதை. இப்ப இந்த பாக்கெட் குட்கா, உதட்டுக்குள்ள வச்சுக்கிற பொட்டலம் இதெல்லாம் வந்த பெறகுதான் கேன்சரே அதிகமாச்சு. பழசு எல்லாத்தையும் தப்புன்னு சொல்றது சரியாப் படல.

நெய்யூர்க்காரன்:

வயக்காட்டான் அண்ணே, உங்க தாத்தா நல்லா இருந்தாருங்கிறது நெஜம்தான், யாரும் மறுக்கல. போயில போட்ட எல்லாருக்கும் புத்து வராது. ஆனா 50 வயசுல கன்னத்துல புத்து வச்சு செத்தவங்கள யாரும் கதையா சொல்றதில்லையே, 92 வரைக்கும் இருந்தவரத்தான் சொல்லிக்கிட்டே இருப்போம். உங்க ஊர்லயே பெரியவங்கள உக்கார வச்சு கேட்டுப் பாருங்க, வாய்ப்புண்ணு வந்து சாப்புட முடியாம போய்ச் சேந்தாங்கன்னு ரெண்டு மூணு பேரையாவது சொல்லுவாங்க. அன்னிக்கு அதுக்கு பேரு வைக்க ஊர்ல டாக்டர் இல்ல, அவ்வளவுதான்.

பாக்கெட்டு வந்த பெறகுதான் வந்துச்சுங்கறதுக்கு எங்க ஊர் ஆஸ்பத்திரியே பதில் வச்சிருக்கு. கன்னியாகுமரி மாவட்டம் நெய்யூர்ல இருக்குற மிஷன் ஆஸ்பத்திரி அப்ப தெற்கு திருவிதாங்கூர்ல இருந்துச்சு. அங்க வேலை பாத்த ஆர்ங்கிற டாக்டர், வெத்தல பாக்கு போடுற திருவிதாங்கூர் ஜனங்களுக்கு வர்ற வாய்ப்புற்றுநோய பத்தி 1933லயே லான்செட் பத்திரிகைல கட்டுரை எழுதிட்டாரு. 1933ல குட்கா எங்க இருந்துச்சு? பிளாஸ்டிக் பொட்டலம் எங்க இருந்துச்சு? அந்த ஜனங்க வாயில இருந்ததெல்லாம் நீங்க சொல்ற அதே நாட்டுப் போயில, கொட்டப்பாக்கு, சிப்பிச் சுண்ணாம்பு.

குட்கா நல்லதுன்னு சொல்ல வரல, அது அதுக்கும் மேல. சின்ன வயசுலயே பிடிச்சிருது, பள்ளிக்கூடப் பையன் பைலயே கெடக்குது. தமிழ்நாட்டுல 2013லேர்ந்து குட்காவுக்கும் புகையிலை கலந்த பான் மசாலாவுக்கும் உணவுப் பாதுகாப்பு சட்டத்துல தடை போட்டு வருசா வருசம் நீட்டிச்சுக்கிட்டு வந்தாங்க, 2023 ஜனவரில சென்னை உயர் நீதிமன்றம் அந்த தடைய ரத்து பண்ணுச்சு, அப்புறம் ஏப்ரல்ல உச்ச நீதிமன்றம் அந்த தீர்ப்ப நிறுத்தி வச்சுது. சட்டம் அது பாட்டுக்கு நடக்கட்டும். ஆனா நாட்டுப் போயிலைக்கு நாமளே நல்ல பேரு குடுத்து வீட்டுக்குள்ள உக்கார வச்சிருக்கோமே, அதுதான் எனக்கு வருத்தம். விருந்தாளிக்கு வெத்தல வைக்கிறது மரியாதைதான் அண்ணே, தட்டுல போயிலைய வைக்காம விட்டா மரியாத ஒண்ணும் கொறஞ்சிடாது.

கொத்தனார் மவன்:

நான் சொந்த அனுபவத்த சொல்றேன், எழுத்துப் பிழை இருந்தா பொறுத்துக்கோங்க. சித்தாள் வேலைக்குப் போன புதுசுல, சாரத்து மேல நின்னு பீடி குடிக்க முடியாது, மேஸ்திரி திட்டுவாரு, அதனால எல்லாரும் கைல கசக்கி உதட்டுக்குள்ள வைக்கிறதுதான். உள்ளங்கைல போயிலத் தூள கொட்டி நகத்துல சுண்ணாம்ப எடுத்து வச்சு கட்டவெரலால தேச்சு, ரெண்டு தட்டு தட்டி தூசிய ஊதி விட்டுட்டு கீழ் உதட்டுக்குள்ள அடக்கினா மத்தியானம் வரைக்கும் பசி தெரியாது, வெயிலும் தெரியாது. அப்படியே வருசக்கணக்கா ஓடுச்சு. முன்பல்லுக்கு கீழ ஈறு எறங்கி வேரு தெரிய ஆரம்பிச்சப்பத்தான் கண்ணாடிய ஒழுங்கா பாத்தேன்.

நிறுத்துறது கஷ்டம்தான், கஷ்டம் இல்லன்னு சொல்றவங்கள நம்பாதீங்க. முதல் வாரம் தலவலி, எல்லார் மேலயும் எரிஞ்சு விழறது, தூக்கம் வராது, கை தானா சட்டப்பைக்கு போகும். ஆனா ஒவ்வொரு தடவ வர்ற அந்த ஏக்கமும் கொஞ்ச நேரம்தான் நிக்கும், அந்த நேரத்த தாண்டிட்டா தானா எறங்கிரும், இது எனக்கு ஹெல்ப்லைன்ல பேசுன அக்கா சொல்லிக் குடுத்தது. 1800-11-2356, காசு கெடையாது, புகையிலைப் பாக்கெட்டு மேலயே இந்த நம்பர அச்சடிச்சிருக்காங்க, நாமதான் பாக்கறதே இல்ல. பேசிட்டு விட்டுட மாட்டாங்க, அவங்களே திரும்பவும் கூப்புட்டு எப்படி இருக்கீங்கன்னு கேப்பாங்க. வீட்டுல யாரும் அப்படி கேக்கல எனக்கு, அவங்க கேட்டது பெரிய தெம்பா இருந்துச்சு.

அப்பத்தா வெளிக்கு வராதுன்னு சொல்றாங்கள்ல, அது சாக்கு இல்லங்க, நெஜம். நிக்கோடின் கொடல முடுக்கி விடும், நிறுத்தினதும் கொடல் மந்தமாயிரும், எனக்கும் ஆச்சு. அதுக்குன்னு பயந்துகிட்டு திரும்ப வாயில வச்சிராதீங்க. காலைல எந்திரிச்சதும் ரெண்டு டம்ளர் வெதுவெதுன்னு தண்ணி, மத்தியானம் கீரை, ராத்திரி ஒரு வாழப்பழம் இல்ல ஊற வச்ச உலர்ந்த திராட்ச, கொஞ்சம் நட. சில வாரத்துல கொடல் பழகிரும். அவங்க சொல்றத பொய்னு அடிச்சுப் பேசுனீங்கன்னா அவங்க உங்கட்ட எதையுமே சொல்ல மாட்டாங்க, ஒளிச்சு வச்சு போடுவாங்க. எங்கம்மா அப்படித்தான் அரிசிப் பானைக்குள்ள ஒளிச்சு வச்சாங்க.

மலையகத் தம்பி:

நான் நுவரெலியா பக்கம். எங்கட தோட்டங்கள்ல கொழுந்து எடுக்குற பொம்பளையாள்கள் இடுப்புல ஒரு சின்னப் பையில வெத்தில, பாக்கு, சுண்ணாம்பு, பொகயில எல்லாம் முடிஞ்சு வச்சிருப்பாங்க, குளிருக்கு நல்லம், அட்டை கடிச்சா அதுல வைக்கலாம்னு சொல்லுவாங்க. இலங்கையில 2016 செப்டம்பர்ல புகையில்லாத புகையிலைப் பொருள்களுக்கு தடை போட்டாங்க. அப்படியிருந்தும் இஞ்ச ஆம்பிளையளுக்கு வாற புற்றுநோய்ல வாய்ப்புற்றுநோய்தான் முன்னுக்கு நிக்குது. இதுல எனக்கு வெளங்கினது, பசிய அடக்கவும் களைப்ப மறக்கவும்தான் எங்கட சனம் இத போட்டுச்சு, ஆசைக்கு இல்ல. அதனால அவங்கள ஏசாம பேசுங்க அக்கா. அந்தக் காலத்துல அவங்களுக்கு ஒரு நேரச் சாப்பாடு கூட கிடைச்சிருந்தா இத தொட்டிருக்க மாட்டாங்களோ என்னவோ.

தேனி மகள்:

இந்தப் பக்கத்துல நான் எழுதுறது இதுதான் முதல் தடவ. எங்க அம்மாவுக்கு இதே எடம், இதே மாதிரி வெள்ளத் தடிப்புலதான் ஆரம்பிச்சுது. அம்மா பல்லுல பொடி வைப்பாங்க, மூக்குப்பொடிய வெரல்ல தொட்டு ஈறுல தேய்க்கிறது, பல்வலிக்கு நல்லதுன்னு ஆரம்பிச்சது. நாங்களும் பல்லுக்குத்தானேன்னு இருந்துட்டோம். பல்பொடிலயும் பற்பசைலயும் புகையிலை சேக்கக் கூடாதுன்னு நம்ம நாட்டுல 1992லயே தடை இருக்குன்னு பின்னாடிதான் எங்களுக்கு தெரிஞ்சுது. தடிப்பு புண்ணாகி, புண்ணு கன்னத்த தொளச்சு, வச்ச தண்ணி வெளிய வழியுற வரைக்கும் பச்சிலை வச்சுக் கட்டிக்கிட்டே இருந்தாங்க. ஆபரேஷன்ல கன்னத்தோட சேத்து கீழ்த்தாடை எலும்புல ஒரு பக்கத்த எடுத்தாங்க, நெஞ்சுல இருந்து சதைய எடுத்து ஒட்டு வச்சாங்க, அப்புறம் கரண்டு வச்சாங்க, அதான் கதிர்வீச்சு சிகிச்சை. மூக்கு வழியா ட்யூப் போட்டு கஞ்சித்தண்ணி ஊத்துவேன். கரண்டு வச்சதுக்கு அப்புறம் எச்சியே ஊறாது, ஒரு இட்லி துண்டு முழுங்க அரை சொம்பு தண்ணி வேணும். அம்மா பொழச்சு இருக்காங்க, முதலமைச்சர் காப்பீட்டு கார்டு இருந்ததால ஆபரேஷனுக்கு வட்டிக்கு வாங்காம தப்பிச்சோம்.

உங்க அப்பா சந்தோசமா இருக்கட்டும்னு சொல்றது பாசத்துலதான் சொல்றாரு, எனக்கு புரியுது. ஆனா கடைசி காலத்துல சந்தோசம்னா ஒரு வாய் ரசஞ்சோறு ருசிச்சு சாப்புடறதும்தானே. அத பறிக்கிற நோய் இது. அப்பாட்ட இதப் படிச்சுக் காட்டுங்க.

சிவகங்கைப் பேத்தி:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. தேனி அக்கா எழுதினத அப்பாட்ட படிச்சுக் காட்டினேன், ஒண்ணும் பேசல, ஆனா எப்ப கூட்டிட்டுப் போகணும்னு கேட்டாரு. வாய நல்லா கொப்புளிக்க வச்சு பாத்துட்டேன் டாக்டர், செவப்பு அப்படியேதான் இருக்கு. மூணு வெரலு உள்ள போகல, ரெண்டுதான் போகுது.

இன்னும் மூணு சந்தேகம். ஒண்ணு, ஆஸ்பத்திரிக்குப் போனா சதைய வெட்டி டெஸ்ட்டுக்கு அனுப்புவாங்க, கத்தி பட்டா பரவிரும்னு பெரியப்பா சொல்லி அப்பத்தா பயந்து போயிருக்காங்க. ரெண்டாவது, ஒரேயடியா நிறுத்தச் சொல்லணுமா, கொஞ்சம் கொஞ்சமாவா? மூணாவது, 72 வயசுல நிறுத்தி என்ன ஆகப் போகுதுன்னு அவங்களே கேக்குறாங்க, அதுக்கு நான் என்ன பதில் சொல்ல?

பல் டாக்டர் மதுரை:

அப்பா சம்மதிச்சது பாதி வேலை முடிஞ்ச மாதிரி. ரெண்டு வெரல்தான் போகுது, செவப்பும் போகலங்கிறீங்க, அப்ப இந்த வாரத்துக்குள்ளயே போயிருங்க. பக்கத்துல இருக்குற அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரில பல் பிரிவு இருக்கும், இல்லன்னா எந்த பல் மருத்துவக் கல்லூரியா இருந்தாலும் வாய் நோய்ப் பிரிவுன்னு கேட்டுப் போங்க. சென்னைப் பக்கம் சொந்தக்காரங்க இருந்தா அடையாறு புற்றுநோய் மருத்துவமனை, முத்துலட்சுமி ரெட்டி அம்மா 1954ல ஆரம்பிச்சது, அங்க புகையிலைய நிறுத்துறதுக்கு ஆலோசனையும் குடுக்குறாங்க.

பயாப்சி பத்தின பயம் ரொம்ப பேருக்கு உண்டு, அதனாலயே எத்தனையோ பேர் தள்ளிப் போட்டு கெட்டுப் போயிருக்காங்க. மரத்துப் போற ஊசி போட்டு, மிளகளவுக்கு ஒரு துண்டு எடுத்து, தேவப்பட்டா ஒரு தையல் போட்டு அன்னிக்கே வீட்டுக்கு அனுப்பிருவாங்க. வாய்ல இப்படி எடுக்கறதால நோய் பரவாது. பெரியப்பா யாரையோ பாத்திருப்பாரு, முத்துன பெறகு வந்து, பயாப்சி எடுத்து, கொஞ்ச நாள்ல எறந்து போயிருப்பாங்க, பழி கத்தி மேல விழுந்திருக்கும். டெஸ்ட் இல்லாம அது எந்த நெலமைல இருக்குன்னு எந்த டாக்டராலயும் உறுதியா சொல்ல முடியாது, வைத்தியத்தையும் ஆரம்பிக்க முடியாது. போறப்ப அவங்க சாப்புடற மாத்திரைச் சீட்ட மறக்காம எடுத்துட்டுப் போங்க, ரத்தம் ஒறையாம இருக்க மாத்திரை எதாவது சாப்புட்டா முன்னாடியே சொல்லணும், நீங்களா எதையும் நிறுத்தாதீங்க.

ஒரேயடியாவா கொஞ்சம் கொஞ்சமாவான்னு கேட்டீங்க. உடம்பப் பொறுத்தவரைக்கும் ஒரேயடியா நிறுத்தறதால உயிருக்கு ஆபத்து கெடையாது, அப்பா பயப்படற மாதிரி ஒண்ணும் ஆகாது. சொல்லப் போனா போயில போடற ஒவ்வொரு தடவயும் நெஞ்சு வேகமா அடிக்குது, பிரஷர் ஏறுது, மாத்திரை ஒரு பக்கம் எறக்க இது ஒரு பக்கம் ஏத்திக்கிட்டு இருக்கு. கிறுகிறுப்பு, எரிச்சல், தூக்கமின்மை எல்லாம் முதல் சில நாள் உச்சத்துல இருக்கும், ரெண்டுலேர்ந்து நாலு வாரத்துல பெரும்பாலும் அடங்கிரும். மனசு ஒத்துக்கலன்னா ஒரு தேதி வச்சுக்கிட்டு அதுக்குள்ள கொறச்சுட்டு வாங்க, ஆனா எத முதல்ல எடுக்கணும்னா ராத்திரி அடக்குற துண்டு, அத இன்னிக்கே நிறுத்தச் சொல்லுங்க, அதுல பேரமே கெடையாது. அடுத்து காலைல எந்திரிச்சதும் போடறது. நிக்கோடின் சூயிங்கம் பாதி பல்லு இல்லாதவங்களுக்கு சரிப்படாது, அவங்க வயசையும் பிரஷரையும் பாத்து டாக்டர் வேற மருந்து வேணுமான்னு முடிவு பண்ணட்டும். வாய்க்கு எதாவது வேணும்னு கேப்பாங்க, உரலையும் கைப்பழக்கத்தையும் பிடுங்கிறாதீங்க, அதுல சோம்பும் ஏலக்காயும் இடிச்சுக் குடுங்க. கிராம்பு, மிளகு மாதிரி காரமானது இப்ப வேண்டாம், தடிப்பு இருக்குற இடம் எரியும். வெத்தலப் பொட்டிய அவங்க கண்ணு படற இடத்துல வைக்காம இருந்தா நல்லது, ஆனா அவங்க சம்மதத்தோட.

இப்ப மூணாவது கேள்வி. 72 வயசுல நிறுத்தி என்ன ஆகப் போகுதுன்னா, நெறைய ஆகும். கேரளாவுல எர்ணாகுளம் மாவட்டத்துல கிராமத்து ஜனங்கள வருசக்கணக்கா தொடர்ந்து பாத்து ஒரு ஆய்வு பண்ணினாங்க, புகையிலைய விட்டவங்க மத்தியில புதுசா வெள்ளத் தடிப்பு வர்றது நல்லா கொறஞ்சுது. ஏற்கெனவே இருக்குற தடிப்பும் நிறுத்தினதுக்கு அப்புறம் சில பேருக்கு சுருங்கி மறைஞ்சுடறத நானே கிளினிக்குல பாக்குறேன். இன்னொண்ணு திருவனந்தபுரம் மாவட்டத்துல 1990கள்ல ஆரம்பிச்சது, பயிற்சி குடுத்த சுகாதாரப் பணியாளர்கள் வீடு வீடாப் போய் வாய தொறந்து பாத்தாங்க, அவ்வளவுதான், பெரிய மெஷின் எதுவும் கெடையாது. 2005ல முடிவு வெளியாச்சு, புகையிலை, சாராயப் பழக்கம் உள்ளவங்க மத்தியில வாய்ப்புற்றுநோய்ல சாகறவங்க ஏறக்குறைய மூணுல ஒரு பங்கு கொறஞ்சாங்க. வாய தொறந்து பாத்ததுக்கே அந்த பலன். நீங்க டார்ச் அடிச்சுப் பாத்தீங்களே, அதே வேலைதான். அப்பத்தாவுக்கு இன்னும் 10 வருசம் 15 வருசம் இருக்குன்னு வச்சுக்கோங்க, அந்த வருசமெல்லாம் கொழம்பு ஊத்தி சாப்புடணுமா வேண்டாமாங்கறதுதான் இப்ப கேள்வி, அப்படியே அவங்கட்ட கேளுங்க.

ரிசல்ட்ல ஒண்ணும் இல்லன்னு வந்தாலும் அதோட விட்டுடாதீங்க, டாக்டர் சொல்ற தேதிக்கு திரும்பவும் காட்டணும், தடிப்பு வேற எடத்துலயும் வரும். அப்புறம் வீட்டுல வேற யாரு போயில போடுறாங்க? பெரியப்பா இவ்வளவு வக்காலத்து வாங்குறாரேன்னுதான் கேக்குறேன், அவரு வாயையும் ஒரு தடவ லைட் அடிச்சு பாத்துருங்க.

சிவகங்கைப் பேத்தி:

பெரியப்பாவும் போடுறாரு டாக்டர், அவருக்கு 58 வயசு. வெள்ளிக்கிழமை அப்பத்தாவுக்கு துணைக்கு வாங்கன்னு சொல்லி அவரையும் சேத்தே கூட்டிட்டுப் போறோம். அப்பத்தாட்ட நீங்க சொன்ன மாதிரியே கேட்டேன், ராத்திரி துண்ட விட்டுடறேன்னு ஒத்துக்கிட்டாங்க, பகல்ல போடறத பத்தி டாக்டரம்மா வந்து சொல்லட்டும்னு சொல்லிட்டாங்க. ரிசல்ட் வந்ததும் இங்க எழுதுறேன்.